பவுண்டரி வாட்டர்ஸ் ஏரிகளில் மாற்றுத்திறனாளிகள் படகுப் பயணம் செய்வதற்கான வழிகாட்டி

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், கனடா எல்லையை ஒட்டி, சுப்பீரியர் தேசிய வனத்திற்குள் பவுண்டரி வாட்டர்ஸ் என்னும் காட்டுப் பகுதி அமைந்துள்ளது. சுமார் 11 லட்சம் ஏக்கர் பரப்பில் 1,100க்கும் மேற்பட்ட ஏரிகள் அங்கே உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் மோட்டார் படகுக்கு அனுமதி இல்லை. கேனூ எனப்படும் துடுப்புப் படகில்தான் செல்ல வேண்டும். ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குச் செல்லக் காட்டுப் பாதையில் படகைத் தோளில் சுமந்து நடக்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவரோ, ஒரு கை இயங்காதவரோ, பார்வையற்றவரோ இங்கே செல்ல நினைத்தால் உறவினரும் நண்பரும் முதலில் கேட்கும் கேள்வி, "மாற்றுத்திறனாளிக்கு மோட்டார் வைத்துக்கொள்ளச் சிறப்பு அனுமதி கிடைக்குமா?" என்பதாகவே இருக்கும்.

கிடைக்காது. துடுப்புக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட ஏரியில் மோட்டார் பயன்படுத்த எந்த மாற்றுத்திறனாளிக்கும் தனி விலக்கு இல்லை. சத்தமோ புகையோ இல்லாத சிறு மின்சார மோட்டாரும் மோட்டாராகவே கருதப்படும். இயக்காமல் படகில் வைத்திருப்பதும் குற்றம். ஆகவே விலக்கு கேட்டுக் கடிதம் எழுதுவதில் காலத்தைக் கழிக்காமல், உங்கள் உடல்நிலைக்குப் பொருந்தும் ஏரியைத் தேர்ந்தெடுப்பதில் அந்த உழைப்பைச் செலுத்துவதே பயன் தரும். பெரும்பாலானோரை இங்கே தடுப்பது மோட்டார் இல்லாமை அன்று. கரையிலிருந்து படகுக்குள் இறங்குவது, படகைச் சுமக்கும் பாதை, இரவில் கழிப்பிடம் ஆகிய மூன்றும்தான் உண்மையான தடைகள். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அவற்றைப் பற்றியதே.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம், காட்டு நிலையிலேயே காக்கப்படும் பகுதிகளில் மோட்டார் வாகனங்களையும் இயந்திரப் போக்குவரத்தையும் தடை செய்தது. பவுண்டரி வாட்டர்ஸுக்குச் சில விதிவிலக்குகள் நீடித்தன. 1978 அக்டோபரில் இயற்றப்பட்ட தனிச் சட்டம், எந்த ஏரியில் எத்தனை குதிரைத்திறன் வரை மோட்டார் ஓட்டலாம் என்பதைப் பெயர் குறிப்பிட்டு வரையறுத்தது. நீர்ப்பரப்பில் ஏறக்குறைய கால் பங்கில் இன்றும் மோட்டாருக்கு இடமுண்டு.

அந்தச் சட்டம் விவாதத்தில் இருந்தபோது, மோட்டாரைத் தடுத்தால் மாற்றுத்திறனாளிகள் இந்த ஏரிகளையே காண முடியாது என்ற வாதம் பலமாக எழுந்தது. அதற்கு மறுமொழியாக கிரெக் லைஸ், பால் ஷர்க்கி என்ற இரு இளைஞர்கள், சக்கர நாற்காலியில் இருந்தவர்களையும் காது கேளாதவர்களையும் 1977இல் துடுப்புப் படகிலேயே உள்ளே அழைத்துச் சென்றனர். அதிலிருந்து பிறந்ததுதான் 1978இல் தொடங்கப்பட்ட வில்டர்னஸ் இன்குவைரி என்னும் தொண்டு நிறுவனம். 1992இல் அமெரிக்க அரசின் தேசிய ஊனமுற்றோர் மன்றத்துக்காக அந்நிறுவனம் ஓர் ஆய்வை நடத்தியபோது, கேட்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளில் ஏறக்குறைய முக்கால் பங்கினர், இயந்திரத் தடை தங்கள் வனாந்தர அனுபவத்தைக் குறைப்பதாகக் கருதவில்லை என்றனர். மாற்றுத்திறனாளிகளின் பெயரால் பிறர் பேசியதற்கும் அவர்களே சொன்னதற்கும் இருந்த இந்த இடைவெளியை, பயணத்தைத் திட்டமிடும் குடும்பத்தினரும் மனத்தில் கொள்வது நல்லது. எந்த ஏரி, எவ்வளவு தூரம், எவ்வளவு சிரமம் என்பதைப் போகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

1990ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 507ஆம் பிரிவு (2008ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 508ஆம் பிரிவு) இரண்டு செய்திகளைச் சொல்கிறது. சக்கர நாற்காலி தேவைப்படும் ஒருவர் அதை வனாந்தரப் பகுதிக்குள் பயன்படுத்துவதை வனாந்தரச் சட்டம் தடுக்காது என்பது ஒன்று. அதற்காக அரசு அங்கே எதையும் கட்டித்தரவோ நிலத்தைத் திருத்தவோ கடமைப்பட்டதன்று என்பது மற்றொன்று. எனவே உரிமையோடு உள்ளே செல்லலாம். ஆனால் சாய்தளத்தையோ கைப்பிடியையோ எதிர்பார்க்கக் கூடாது. இச்சட்டம் சக்கர நாற்காலி என்பதற்குத் தரும் வரையறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். நடமாட்டக் குறைபாடு உள்ளவரின் போக்குவரத்துக்காக மட்டுமே வடிவமைக்கப்பட்டதாகவும், கட்டடத்துக்குள் மக்கள் நடக்கும் இடத்தில் பயன்படுத்தத் தக்கதாகவும் இருக்க வேண்டும். மின்கலத்தில் ஓடும் சக்கர நாற்காலி இதற்குள் அடங்கும். நான்கு சக்கரக் காட்டு வண்டி அடங்காது. கேனூவை உருட்டிச் செல்லும் சக்கரத் தள்ளுவண்டியும் அடங்காது. அது ஒரு சில பாதைகளில் மட்டுமே அனுமதிக்கப்படுகிறது.

சட்டப்படி அனுமதி உண்டு என்பதற்காக மின் நாற்காலியைக் கொண்டுசெல்ல வேண்டியதில்லை. அதன் எடை காரணமாகக் கேனூவில் ஏற்றவே முடியாது, மின்னேற்றவும் வழியில்லை. மடங்கும் கைச்சக்கர நாற்காலியே ஏற்றது. முன்சக்கரம் பாறை இடுக்கில் சிக்கிக்கொள்ளும் என்பதால், கால்மிதியில் பொருத்தி முன்சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்திவிடும் பெரிய ஒற்றைச் சக்கரம் ஒன்று இருந்தால் கரையில் நடமாடுவது வெகுவாக எளிதாகும்.

ஏரியைத் தேர்ந்தெடுத்தல்

இங்கே சுமைப்பாதைகளின் நீளத்தை ராட் என்னும் பழைய அளவில் குறிப்பார்கள். ஒரு ராட் பதினாறரை அடி, அதாவது ஏறத்தாழ ஒரு கேனூவின் நீளம். 320 ராட் ஒரு மைல். வரைபடத்தில் 80 என்று கண்டால் கால் மைல் நடை என்று கொள்ளுங்கள். எண் சிறியதாக இருப்பதாலேயே பாதை எளிது என்று நினைத்துவிடக் கூடாது. இருபது ராட் பாதையும் செங்குத்துப் பாறையாக இருக்கலாம். மரவேர், சேறு, உருளும் கல் ஆகியவற்றின் மீது சக்கர நாற்காலியைத் தள்ளுவதைவிட, நாற்காலியைத் தனியாகவும் மனிதரைத் துணித் தூளியிலோ முதுகிலோ தனியாகவும் சுமப்பதே பெரும்பாலான இடங்களில் நடைமுறைக்கு ஒத்துவரும். தூக்கப்படுபவருக்கு அது சம்மதமா என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். சம்மதமில்லை என்றால் சுமைப்பாதையே இல்லாத ஏரியைத் தேர்ந்தெடுப்பதில் குறைவு ஒன்றுமில்லை. உண்மையில் முதல் பயணத்துக்கு அதுவே சரியானது.

அத்தகைய ஏரிகள் பல உள்ளன. ஈலி நகரத்துக்குக் கிழக்கே உள்ள மூஸ், நியூஃபவுண்ட், சக்கர் ஆகிய மூன்று ஏரிகளும் இடையில் சுமைப்பாதை இல்லாமல் ஒன்றோடொன்று நீரால் இணைந்தவை. இங்கே 25 குதிரைத்திறன் வரை மோட்டார் ஓட்டலாம். மேலும், உரிமம் பெற்ற அவுட்ஃபிட்டர்கள், அதாவது பயணப் பொருள்களை வாடகைக்குத் தரும் கடைக்காரர்கள், இந்த ஏரித்தொடரில் இழுவைப் படகுச் சேவை நடத்துகிறார்கள். மோட்டார் படகின் மேற்சட்டத்தில் உங்கள் கேனூவைக் கவிழ்த்துக் கட்டி, உங்களை இருக்கையில் அமர்த்தி, நீண்ட துடுப்புத் தொலைவைக் கடந்து கொண்டுபோய் விடுவார்கள். குறித்த நாளில் வந்து அழைத்தும் வருவார்கள். விரைவில் களைப்படைவோருக்கும், தோள்வலி உள்ளவர்களுக்கும், பல மணி நேரம் கேனூவில் உட்கார முடியாதவர்களுக்கும் இது பெரிய உதவி. கன்ஃப்ளின்ட் சாலையின் முடிவிலுள்ள சகனாகா ஏரியிலும் இத்தகைய சேவை உண்டு. அங்கேயும் அமெரிக்கன் முனைக்குக் கிழக்கே 25 குதிரைத்திறன் அனுமதிக்கப்படுகிறது.

ஸ்னோபேங்க் ஏரி இறங்குதுறையிலிருந்து நேராக விரியும் பெரிய நீர்ப்பரப்பு. இங்கும் 25 குதிரைத்திறன் மோட்டாருக்கு இடமுண்டு. பரந்த ஏரிகளில் பிற்பகல் காற்று அலையை எழுப்பும் என்பதால், உடலை நிமிர்த்தி வைத்துக்கொள்ளச் சிரமப்படுவோர் காலையிலேயே கடந்துவிட வேண்டும். கிளியர்வாட்டர் ஏரியிலும், சீகல் ஏரியின் கிழக்குப் பகுதியிலும் 10 குதிரைத்திறனே எல்லை. மோட்டார் உள்ள ஏரி என்றாலும், மிதவைகளின் மேல் தட்டையான தளம் அமைந்த பான்டூன் படகுக்கு வனாந்தர எல்லைக்குள் அனுமதி இல்லை. பாய்மரப் படகுக்கும் இல்லை. சக்கர நாற்காலியோடு அப்படியே ஏறிக்கொள்ள வசதியானது பான்டூன் படகுதான் என்பதால் பலர் அதை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்து எல்லையில் திரும்ப நேர்கிறது. அலுமினிய மீன்பிடிப் படகைக் கேளுங்கள்.

மோட்டார் ஒலியே இல்லாத நீரைத்தான் காண வேண்டும் என்று விரும்பினால், சாபில் ஏரி நல்ல தொடக்கம். சாலை வழியாகவே அடையக்கூடிய முகாமும், படகுத்துறையும், அவுட்ஃபிட்டர் கடையும் அருகருகே உள்ளன. சுமைப்பாதை எதுவும் இல்லாமலே ஏரிக்குள் உள்ள முகாமிடங்களை அடையலாம். ஒன்றாம் எண் ஏரி என்று பெயரிடப்பட்ட லேக் ஒன்னும் அப்படிப்பட்டதே. ஆனால் தீவுகளும் வளைவுகளும் மிகுந்த அந்த ஏரியில் வழி தவறுவோர் அதிகம், எனவே வரைபடம் படிக்கத் தெரிந்த ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

முகாமிடங்களை முன்பதிவு செய்ய முடியாது. முதலில் வருபவருக்கே இடம். பல முகாமிடங்களில் கரை என்பது செங்குத்தான பாறை விளிம்புதான். ஆகையால் குழுவில் வலுவான இருவரை ஒரு கேனூவில் முன்னதாக அனுப்பி, மணலோ சிறு கூழாங்கல்லோ உள்ள சாய்வான கரையும், கூடாரம் வரை தடையில்லாத தரையும் உள்ள இடத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். எந்த முகாமிடம் அப்படிப்பட்டது என்பதை அவுட்ஃபிட்டர்களும் வன நிலைய அலுவலர்களும் நன்கு அறிவார்கள். "மாற்றுத்திறனாளிக்கு ஏற்ற இடம் எது?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். "கேனூவைக் கரைக்கு இணையாக நிறுத்தக்கூடிய, முழங்கால் ஆழமுள்ள மணற்கரை எங்கே உள்ளது? கழிப்பிடத்துக்குப் போகும் பாதையில் படி உண்டா?" என்று கேளுங்கள். ஒரே இடத்தில் கூடாரம் அடித்துத் தங்கி, பகலில் மட்டும் ஏரியைச் சுற்றி வருவது, நாள்தோறும் முகாமை மாற்றுவதைவிட எவ்வளவோ மேல்.

உரிமச் சீட்டு

உள்ளே செல்ல ஆண்டு முழுவதும் உரிமச் சீட்டு தேவை. மே 1 முதல் செப்டம்பர் 30 வரை இரவு தங்குவோருக்கும், பகலில் மோட்டார் படகில் செல்வோருக்கும், ஒவ்வொரு நுழைவிடத்துக்கும் எண்ணிக்கை வரம்பு உண்டு. துடுப்புப் படகில் பகலில் மட்டும் சென்று திரும்புவோர் இறங்குதுறையிலேயே தாமே சீட்டை நிரப்பிக்கொள்ளலாம். அதற்குக் கட்டணமோ வரம்போ இல்லை. முன்பதிவு ரெக்ரியேஷன் டாட் கவ் என்னும் அரசு இணையதளத்தில், வழக்கமாக ஜனவரி இறுதியில் திறக்கிறது. இழுவைப் படகு வசதியுள்ள நுழைவிடங்கள் எல்லோருக்கும் பிடித்தவை என்பதால் விரைவில் தீர்ந்துவிடும். மூஸ் ஏரியின் நுழைவிட எண் 25, ஸ்னோபேங்க் 27, லேக் ஒன் 30, சாபில் 38, சகனாகா 55. இரவு தங்கும் சீட்டில் துடுப்பு, மோட்டார் என்று இரு வகை உண்டு. தவறான வகையை எடுத்துவிட்டால் அந்தச் சீட்டைக் கொண்டு மோட்டார் ஓட்ட முடியாது.

ஒரு சீட்டில் அதிகபட்சம் 9 பேர், 4 படகுகள். உதவியாளர்களும் இந்த ஒன்பதில் அடக்கம், அவர்களுக்குத் தனி விலக்கு இல்லை. முன்பதிவில் குழுத் தலைவரோடு மாற்றுத் தலைவர்களின் பெயரையும் பதியலாம். உடல்நிலை காரணமாகக் கடைசி நேரத்தில் ஒருவர் வர முடியாமல் போவது நேரக்கூடிய குடும்பங்கள் இதைத் தவறாமல் செய்ய வேண்டும். தலைவராகவோ மாற்றுத் தலைவராகவோ பெயர் இல்லாதவர் போய்க் கேட்டால் சீட்டுத் தர மாட்டார்கள்.

நிரந்தரக் குறைபாடு உள்ளவர்களுக்கு அமெரிக்க அரசு அக்சஸ் பாஸ் என்னும் வாழ்நாள் அட்டையை வழங்குகிறது. வன அலுவலகத்தில் நேரில் பெற்றால் இலவசம். மருத்துவர் கடிதமோ, சமூகப் பாதுகாப்பு அமைப்பின் ஊனமுற்றோர் உதவித்தொகைச் சான்றோ காட்டினால் போதும். பவுண்டரி வாட்டர்ஸில் இரவு தங்க வயது வந்தோர் ஒருவருக்கு 16 டாலர் என்று பல ஆண்டுகளாக இருந்துவரும் கட்டணம், இந்த அட்டை வைத்திருப்பவருக்குப் பாதியாகும். ஆனால் அட்டை அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு பெற்ற நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியது. வேலை விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கோ, சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் பெற்றோருக்கோ அது கிடைக்காது. அவர்கள் முழுக் கட்டணம் செலுத்திச் செல்வதற்குத் தடை ஏதும் இல்லை.

படகுக்குள் இறங்குதலும் அமர்தலும்

வாடகைக் கடைகளில் முதலில் காட்டுவது கெவ்லார் என்னும் செயற்கை இழையாலான கேனூவாக இருக்கும். இருபது கிலோ அளவே எடையுள்ள அது சுமைப்பாதைக்கு மிகவும் ஏற்றது. ஆனால் மெல்லிய அதன் அடிப்பகுதி பாறையில் உரசக் கூடாது; ஆகையால் அதைக் கரையில் ஏற்றி நிறுத்தாமல், நீரில் மிதக்கும் நிலையிலேயே ஏறி இறங்க வேண்டும். உடலைச் சரித்து நகர்த்தி ஏற வேண்டியவர்களுக்கு அது பொருந்தாது. சுமைப்பாதை இல்லாத பயணம் என்றால் எடை ஒரு பொருட்டல்ல. அகலமான அடிப்பகுதியுள்ள அலுமினியக் கேனூவைக் கேட்டு வாங்குங்கள்.

கேனூவின் முனையை மட்டும் கரையில் ஏற்றிவிட்டு ஆளை ஏற்றுவது தவறு. ஒரு முனை தரையிலும் மறுமுனை நீரிலும் இருக்கும்போதுதான் கேனூ எளிதாகப் புரளும். முழங்கால் ஆழத்தில், கரைக்கு இணையாக, முழுவதும் மிதக்கும்படி நிறுத்துங்கள். ஒருவர் நீரில் நின்று இரு பக்க விளிம்புகளையும் உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தூக்குபவர் இருவர்: ஒருவர் பின்னாலிருந்து அக்குள் வழியாகக் கைகளை நுழைத்து, ஏறுபவர் மார்பின் குறுக்கே மடித்து வைத்த முன்கைகளைப் பற்றிக்கொள்கிறார், மற்றவர் தொடைகளின் கீழ் கைகொடுக்கிறார். எண்ணிக்கை சொல்லி ஒரே நேரத்தில் தூக்கி, படகின் நடுக்கோட்டில் இறக்க வேண்டும். எண்ணுவது தூக்கப்படுபவராக இருப்பதே நல்லது. அவர் தயாரானதும்தான் அசைவு தொடங்கும். தோள் மூட்டு தளர்ந்தவர்களுக்கு அக்குள் பிடி ஆபத்தானது. கைப்பிடிகள் தைத்த தூக்குத் துணி பயன்படுத்துங்கள்.

தாமே இடம் மாறக்கூடியவர்கள் மரத் துறையிலிருந்து ஏற நினைத்தால், நாற்காலியிலிருந்து துறைப் பலகைக்கும் அங்கிருந்து படகுக்குமாக இரண்டு முறை கீழே இறங்க வேண்டும். இறங்குவது எளிது, மாலையில் களைத்த கைகளோடு திரும்ப ஏறுவதுதான் கடினம். ஏறும் வழியை யோசிக்காமல் இறங்காதீர்கள். இடையில் ஒரு படியாகப் பயன்படும் உறுதியான பெட்டியோ அடுக்கிய பஞ்சு மெத்தையோ உதவும்.

கேனூவில் எவ்வளவு தாழ்வாக அமர்கிறோமோ அவ்வளவு நிலைப்பு. உடற்பகுதியை நிமிர்த்தி வைக்க முடியாதவர்கள் நடுவில், தரை மட்டத்தில், முதுகுச் சாய்வுள்ள முகாம் இருக்கையில் அமர வேண்டும். இரு பக்கமும் பஞ்சுத் துண்டுகளைச் செருகினால் சாயாமல் இருக்கலாம். எக்காரணம் கொண்டும் ஆளைப் படகோடு வார்ப்பட்டையால் கட்டக் கூடாது. படகு கவிழ்ந்தால் அவர் அதிலிருந்து தானாகவே விடுபட வேண்டும். துடுப்பைப் பிடிக்க முடியாத கைக்கும் இதே விதி: இழுத்தவுடன் பிரியும் ஒட்டுப்பட்டைக் கையுறையால் பிணைக்கலாம், முடிச்சுப் போடக் கூடாது. தண்டுவட பாதிப்பால் தொடுவுணர்வு இல்லாதவர்கள் தம் சக்கர நாற்காலி மெத்தையையே படகிலும் பயன்படுத்தி, அடிக்கடி உடலைத் தூக்கிச் சாய்ந்து அழுத்தத்தை மாற்ற வேண்டும். அலுமினியத் தரை வெயிலில் கொதிக்கும், நிழலில் குளிரும், அதன் ஆணித்தலைகளும் உறுத்தும். உணர்வில்லாத கால்களுக்கு அடியில் கட்டாயம் பஞ்சு விரிக்க வேண்டும்.

மினசோட்டா சட்டப்படி படகில் உள்ள ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும்; பத்து வயதுக்கு உட்பட்டவர்கள் அதை அணிந்திருக்க வேண்டும். உங்கள் குழுவில் எல்லோரும் எப்போதும் அணிவது என்று வைத்துக்கொள்ளுங்கள். துடுப்புப் போடுவோர் விரும்பும் மெல்லிய அங்கி, நினைவிழந்தவரை முகம் மேலே இருக்கும்படி திருப்பாது. கழுத்தையும் உடலையும் தாமே திருப்ப முடியாதவர்களுக்கு முகத்தை மேலே திருப்பும் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை வாங்கியதும், ஊரிலுள்ள நீச்சல் குளத்தில் இறங்கி, அணிந்தவர் எப்படி மிதக்கிறார் என்று பாருங்கள். கால் தசை இறுக்கம் உள்ளவர்களும், ஒரு கால் இழந்தவர்களும் எல்லோரையும் போல மிதப்பதில்லை.

பார்வையற்றவர் முன் இருக்கையில் துடுப்புப் போடுவது நன்றாகவே அமையும். வேகத்தை அவர் நிர்ணயிக்கப் பின்னால் இருப்பவர் திசையைப் பார்த்துக்கொள்கிறார். ஏறுமுன் படகின் விளிம்பு, குறுக்குச் சட்டம், பைகள் இருக்கும் இடம் ஆகியவற்றைக் கையால் தடவிப் பார்க்க நேரம் கொடுங்கள். காது கேளாதவர் முன்னால் அமர்ந்தால் பின்னாலிருப்பவரின் சைகையைக் காண முடியாது. துடுப்பால் படகின் பக்கத்தைத் தட்டினால் அதிர்வு உடலில் தெரியும். ஒரு தட்டு என்றால் நில், இரு தட்டு என்றால் திரும்பிப் பார் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

கழிப்பிடம், மருந்து, உணவு

ஒவ்வொரு முகாமிடத்திலும் இரும்பு அடுப்புச் சட்டமும், காட்டுக்குள் சற்றுத் தள்ளி ஒரு கழிப்பிடமும் இருக்கும். கழிப்பிடம் என்றால் குழியின் மீது இருக்கை உள்ள பெட்டி மட்டுமே. சுவரில்லை, கைப்பிடியில்லை, பாதையோ பெரும்பாலும் மேட்டுப் பாதை. எனவே மடங்கும் கழிப்பு நாற்காலியும், கழிவை உறையவைக்கும் பொடி அடங்கிய பைகளும், மறைப்புக்கு ஒரு சிறு கூடாரமும் எடுத்துச் செல்லுங்கள். பைகளைத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். குழி தோண்டுவதானால் நீரிலிருந்து குறைந்தது 150 அடி தள்ளி, ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்தில் தோண்ட வேண்டும். சிறுநீர்க் குழாய் பயன்படுத்துபவர்கள் தேவைக்கு இருமடங்கு எண்ணிக்கையை இரு வேறு பைகளில், இரு வேறு படகுகளில் வையுங்கள். கழுவுவதற்கு ஏரி நீரை அப்படியே பயன்படுத்தக் கூடாது, கொதிக்கவைத்து ஆறிய நீர் வேண்டும்.

எரிக்க முடியாத, பயன்படுத்தி எறியும் உணவு மற்றும் பானப் புட்டிகளும் தகர டப்பாக்களும் உள்ளே தடை. மருந்துப் புட்டிகளுக்குத் தடையில்லை. டப்பாவில் வரும் ஊட்டச்சத்துத் திரவத்தைக் குழாய்வழி உண்பவர்கள், அது மருந்தாகக் கொள்ளப்படுமா என்பதை மருத்துவர் கடிதத்தோடு வன நிலையத்தில் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். ஜெனரேட்டர் கொண்டுசெல்ல முடியாது. மூச்சுக் கருவி பயன்படுத்துபவர்கள் எத்தனை இரவோ அதற்கேற்ற மின்கலங்களைக் கணக்கிட்டு எடுத்துச் செல்வது அவசியம். கரடிகள் உள்ள காடு என்பதால் உணவை உயரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும், அல்லது அங்கீகரிக்கப்பட்ட கரடி புகாப் பெட்டியில் வைக்க வேண்டும். கயிறு எறிந்து இழுக்க முடியாதவர்களுக்குப் பெட்டியே வசதி.

பருவமும் அவசரமும்

ஏரிப் பனி ஏப்ரல் இறுதிக்கும் மே நடுவுக்கும் இடையில்தான் உருகும். மே மாதத்தில் வெயில் இதமாக இருந்தாலும் நீர் கடும் குளிர். விழுந்தால் சில நிமிடங்களில் கைகால்கள் செயலிழக்கும். தண்டுவட பாதிப்பால் உடல் வெப்பத்தைச் சீராக வைக்க முடியாதவர்கள் இம்மாதத்தைத் தவிர்க்க வேண்டும். ஜூன் மாதம் கொசுக்கடியும் கருப்பு ஈக்களின் கடியும் மிகுந்தது. கையால் விரட்ட முடியாதவருக்கு அது வெறும் எரிச்சலோடு நிற்பதில்லை, பெருந்துன்பமாகிவிடும். ஆகஸ்ட் பிற்பகுதியும் செப்டம்பர் முற்பகுதியுமே ஏற்றவை: நீரில் வெதுவெதுப்பு இருக்கும், பூச்சி குறையும், கூட்டமும் குறையும்.

கைப்பேசிச் சமிக்ஞையை நம்ப முடியாது. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அதைக் குழுவில் இருவராவது இயக்கத் தெரிந்துவைத்திருங்கள். இந்தப் பகுதியின் மேல் விமானங்கள் தாழப் பறப்பதை 1949இல் அதிபர் ட்ரூமன் தடை செய்தார். ஆயினும் உயிர் காக்கும் அவசரத்தில் மீட்புக் குழுவினர் மோட்டார் படகையும் நீர்விமானத்தையும் பயன்படுத்தலாம். மோட்டார் தடை உள்ள இடமாயிற்றே என்று தயங்கி உதவி கேட்காமல் இருக்க வேண்டாம். மருந்துப் பட்டியல், ஒவ்வாமை, தன்னியக்க நரம்புக் கோளாறால் திடீரென இரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு ஆகியவற்றை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி, நீர் புகா உறையில் போட்டு, உரியவரின் உயிர்காப்பு அங்கியிலேயே வைத்துவிடுங்கள். அதன் நகல் ஒன்று அவுட்ஃபிட்டரிடமும் இருக்கட்டும், திரும்பும் நாளும் நேரமும் அதில் எழுதப்பட்டிருக்கட்டும்.

இவ்வளவையும் படித்தபின், இரவுத் தங்கல் இப்போதைக்கு முடியாது என்று தோன்றினால், சாபில் ஏரியிலோ மூஸ் ஏரியிலோ பகல் பயணமாகச் சில மணி நேரம் சென்று வாருங்கள். பவுண்டரி வாட்டர்ஸுக்கு மேற்கே, 1975இல் நிறுவப்பட்ட வோயாஜர்ஸ் தேசியப் பூங்கா உள்ளது. அங்குள்ள பெரிய ஏரிகளில் இத்தகைய குதிரைத்திறன் வரம்பு இல்லை. தங்கும் அறைகள் கொண்ட வீட்டுப் படகையும் வாடகைக்கு எடுக்கலாம். வாடகைக்கு எடுக்குமுன் கதவின் அகலத்தையும், துறைக்கும் படகுக்கும் இடையே உள்ள உயர வேறுபாட்டையும் அங்குல அளவில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.